கேட்பதற்கு முன் கேளுங்கள்

இரண்டு இதழ்களுக்கு முன்னால், "கடையில் வாங்குவதை விட்டுவிட்டு ஹெட்போன் ஆம்ப் ஒன்றை வீட்டிலேயே செய்து பாருங்களேன்" என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்திருக்கும் கடிதங்கள் மேசை டிராயரை மூடவிடவில்லை. ஆகவே ரிமோட் வேலை செய்யவில்லை, இஸ்திரிப் பெட்டி சுடவில்லை என்று எழுதியவர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த முறை முழுக்க ஹெட்போனும் அதற்கான ஆம்பும் (ஆம்ப்ளிஃபயர்) தான்.

*மேடம், என் லேப்டாப்பில் ஹெட்போனைச் செருகினால் நன்றாகத்தானே பாடுகிறது? பிறகு எதற்குத் தனியாக ஒரு ஆம்ப்?*
– முதலாண்டு மாணவி

நன்றாகப் பாடுகிறது என்றால் தேவையே இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஆம்ப் வைத்தால் எல்லாப் பாட்டும் தேனாக மாறும் என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள்.

ஆனால் எல்லாக் கருவிகளும் லேப்டாப் மாதிரி இல்லை. சிடி பிளேயர், பழைய டெக், மிக்சர் இவற்றின் பின்பக்கம் இருக்கும் லைன் அவுட்டில் (இன்னொரு கருவிக்குச் சிக்னல் அனுப்பும் துளை அது) வோல்டேஜ் போதுமான அளவு இருக்கும். கரண்ட் கொடுக்கத்தான் திராணி இருக்காது. தொட்டி உயரத்தில் இருக்கிறது, குழாயோ ஊசி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 32 ஓம் ஹெட்போனுக்கு 1 மில்லிவாட் கொடுக்க 0.18 வோல்ட் போதும், ஆனால் 5.6 மில்லிஆம்பியர் ஓட வேண்டும். அதே 1 மில்லிவாட்டை 300 ஓம் ஹெட்போனுக்குக் கொடுக்க 0.55 வோல்ட் வேண்டும், 1.8 மில்லிஆம்பியர் போதும். லைன் அவுட்டுக்குள் தொடராகவே சில நூறு ஓம் உட்கார்ந்திருக்கும். அதில் 32 ஓமை மாட்டினால் வோல்டேஜின் பெரும்பங்கு உள்ளேயே தங்கிவிடும், காதுக்கு வருவது மிச்சம் மீதிதான். நாம் செய்யப்போகும் ஆம்ப் சத்தத்தைப் பெருக்குவதைவிட, இந்தக் குழாயை அகலப்படுத்தும் வேலையைத்தான் முக்கியமாகச் செய்கிறது.

*எளிமையான ஒரு சர்க்யூட் சொல்லுங்கள். ஐசி வேண்டாம், ட்ரான்சிஸ்டர் மட்டும்தான் வேண்டும். பிரெட்போர்டும் மல்டிமீட்டரும் இருக்கின்றன.*
– பொழுதுபோக்காக சால்டரிங் செய்பவர்

ஐசி வேண்டாம் என்று நீங்கள் சொன்னதே எனக்குப் பிடித்திருக்கிறது. ஐசியில் செய்தால் சுலபமாக முடிந்துவிடும், உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமலேயே முடிந்துவிடும்.

ஒரு சேனலுக்கு இரண்டே ட்ரான்சிஸ்டர்: ஒரு பிசி 547, ஒரு பிடி 139. பவருக்கு 12 வோல்ட் டிசி அடாப்டர். ட்ரான்சிஸ்டருக்குக் கலெக்டர், பேஸ், எமிட்டர் என்று மூன்று கால்கள். இரண்டு ட்ரான்சிஸ்டர்களின் கலெக்டரும் நேராக 12 வோல்ட்டுக்குப் போகட்டும். 547-இன் எமிட்டர், 100 ஓம் வழியாக 139-இன் பேஸுக்கு. 139-இன் எமிட்டரிலிருந்து கிரவுண்டுக்கு (சப்ளையின் மைனஸ்) 100 ஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்று. அதே எமிட்டரிலிருந்து 470 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலைட்டிக் கப்பாசிட்டர் வழியாக ஹெட்போன் ஜாக். கப்பாசிட்டரின் பிளஸ் கால் எமிட்டர் பக்கம் இருக்க வேண்டும். ஜாக்கிலிருந்து கிரவுண்டுக்கு 1 கிலோ ஓம் ஒன்றைப் போட்டுவிடுங்கள். ஹெட்போன் செருகாத நேரத்திலும் கப்பாசிட்டர் சார்ஜ் ஆக ஒரு வழி வேண்டுமே.

அடுத்தது பயாஸ், அதாவது பாட்டு இல்லாதபோதும் ட்ரான்சிஸ்டரை விழித்திருக்க வைக்கும் வோல்டேஜ். 12 வோல்ட்டிலிருந்து 10 கிலோ ஓம், அதற்குத் தொடராக 33 கிலோ ஓம், அது 547-இன் பேஸில் முடிகிறது. பேஸிலிருந்து கிரவுண்டுக்கு 68 கிலோ ஓம். பத்தும் முப்பத்துமூன்றும் சந்திக்கும் இடத்திலிருந்து கிரவுண்டுக்கு 47 மைக்ரோஃபாரட். பலர் "இது எதற்கு, ஒரே ரெசிஸ்டராகப் போட்டால் ஆகாதா" என்று இந்தக் கப்பாசிட்டரை விட்டுவிடுவார்கள். அடாப்டரில் இருக்கும் அழுக்கு பேஸ் வழியாகப் பாட்டோடு சேராமல் தடுப்பது அதுதான். ஆன் செய்ததும் வோல்டேஜை மெல்ல ஏற்றி, காதில் விழும் 'டொப்'பைக் குறைப்பதும் அதுதான். சிக்னல், 10 கிலோ ஓம் வால்யூம் கன்ட்ரோலின் நடுக்காலிலிருந்து 2.2 மைக்ரோஃபாரட் வழியாக பேஸுக்கு வரட்டும். சப்ளைக்குக் குறுக்கே 470 மைக்ரோஃபாரட் ஒன்றும், ட்ரான்சிஸ்டருக்கு ஒட்டியே 0.1 மைக்ரோஃபாரட் ஒன்றும். அவ்வளவுதான். இதே மாதிரி இன்னொன்று செய்தால் ஸ்டீரியோ.

பாட்டைப் போடாமல் முதலில் மீட்டரைப் போடுங்கள். 547-இன் பேஸில் 7.2 வோல்ட் அருகே, 139-இன் எமிட்டரில் 6 வோல்ட் அருகே வர வேண்டும். அரை வோல்ட் முன்பின் இருந்தால் கவலை வேண்டாம். எமிட்டரில் 6 என்றால் 100 ஓமில் 60 மில்லிஆம்பியர் ஓடுகிறது என்று பொருள். பாட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது ஓடிக்கொண்டே இருக்கும். கிளாஸ் ஏ என்பது இதுதான். 32 ஓம் ஹெட்போனில் ஏறத்தாழ 1 வோல்ட், அதாவது 30 மில்லிவாட் வரை பிசிறில்லாமல் கிடைக்கும். குறைவாகத் தெரிகிறதா? கடைசிக் கேள்விக்கான பதிலைப் படியுங்கள்.

மீட்டருக்கு அடுத்தபடியாக ஜாக்கில் 33 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை மாட்டி, அதில் டிசி வோல்டேஜ் அளந்து பாருங்கள். சில மில்லிவோல்ட்டுக்கு மேல் இருந்தால் ஹெட்போனைக் கிட்டே கொண்டுவராதீர்கள். நான் இதைக் கற்றுக்கொண்டது என் தம்பியின் ஹெட்போனில். கப்பாசிட்டர் போட வேண்டிய இடத்தில் சோதனைக்காக ஒரு ஒயரைப் போட்டிருந்தேன், எடுக்க மறந்துவிட்டேன். 6 வோல்ட் நேராக 32 ஓமில் இறங்கியது. கணக்குப் போட்டால் 1 வாட்டுக்கு மேல். 'டிக்' என்று ஒரு சத்தம், அப்புறம் அமைதி. லேபில் 31 வருடம் மாணவர்களை "அளந்துவிட்டு இணை" என்று அதட்டியவள் செய்த வேலை இது.

*என் பிசி 547 எதற்குமே மசியவில்லை. சரியாகத்தான் இணைத்திருக்கிறேன்.*
– பெயர் போட வேண்டாம் என்றவர்

தட்டையான முகம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கட்டும். இடமிருந்து வலம்: கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என்3904 என்றால் இதற்கு நேர் எதிர். பிடி 139-இல் எழுத்து உங்களைப் பார்க்க வைத்தால் எமிட்டர், கலெக்டர், பேஸ். அதன் பின்பக்க உலோகம் கலெக்டரோடு சேர்ந்தது, எனவே ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு) வைத்தால் நடுவே மின்சாரம் கடத்தாத மைக்காத் தகடு வேண்டும். "சரியாகத்தான்" என்ற சொல் வரும் கடிதங்களில் பாதிக்கு இதுதான் பதில்.

*நீங்கள் ஒரு நண்பருக்கு வரைந்து கொடுத்த சர்க்யூட்டைப் பார்த்தேன். பாட்டே இல்லாதபோதும் கரண்ட் வீணாகிறதே! புஷ்-புல் முறையில் ஒரு என்பிஎன், ஒரு பிஎன்பி போட்டால் மிச்சமாகுமே?*
– மின்துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்

மிச்சமாகும், ஐயா. மோட்டார் சுற்றுவதாக இருந்தால் நானும் அதைத்தான் செய்வேன். ஆனால் காதுக்கு என்று வரும்போது கணக்கு மாறுகிறது.

சிலிக்கான் ட்ரான்சிஸ்டர் கண் திறக்க பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவே 0.6 வோல்ட்டாவது வேண்டும். புஷ்-புல்லில் சிக்னலின் மேல்பாதியை ஒரு ட்ரான்சிஸ்டரும் கீழ்பாதியை இன்னொன்றும் பார்த்துக்கொள்ளும். பயாஸ் இல்லாவிட்டால் மேலே 0.6, கீழே 0.6, இடையில் இருப்பது செத்த வெளி. ஸ்பீக்கருக்குப் பத்து வோல்ட் ஆட்டும் ஆம்பில் இது ஒரு சின்னப் பிசிறு. ஹெட்போனில்? 32 ஓமில் 1 மில்லிவாட் என்றாலே நல்ல சத்தம், அதன் உச்சியே 0.25 வோல்ட்தான். மொத்தப் பாட்டும் செத்த வெளிக்குள்ளேயே அடங்கிவிடும். வால்யூமைக் கூட்டினால் மேளம் மட்டும் 'டப் டப்' என்று எட்டிப் பார்க்கும், வயலின் வராது. ஒருமுறை ஒரு மாணவர் அதைக் கொண்டுவந்து "மேடம், இது மேளம் மட்டும் வாசிக்கிறது" என்றார். நாள் முழுக்கச் சிரித்தோம்.

இரண்டு 1என்4148 டையோடுகளைப் பேஸ்களுக்கு நடுவே போட்டு இரண்டு ட்ரான்சிஸ்டர்களையும் அரைத்தூக்கத்தில் வைக்கலாம். கிளாஸ் ஏபி அதுதான், நல்ல முறைதான். ஆனால் சூடு ஏறினால் ஒவ்வொரு டிகிரிக்கும் ட்ரான்சிஸ்டரின் 0.6 வோல்ட் சுமார் 2 மில்லிவோல்ட் குறையும்; கரண்ட் கூடும்; அதனால் மேலும் சூடு; அதனால் மேலும் கரண்ட். இந்த ஓட்டத்தைப் பிடித்து நிறுத்த, டையோடுகளை ட்ரான்சிஸ்டரின் உடம்போடு ஒட்டி வைக்க வேண்டும், எமிட்டர்களில் 2.2 ஓமோ 4.7 ஓமோ போட வேண்டும். முதல் ஆம்ப் செய்கிறவருக்கு இத்தனை கவலை எதற்கு? நம்முடையது இரண்டு சேனலுக்கும் சேர்த்து 120 மில்லிஆம்பியர் தின்கிறது, 12 வோல்ட்டில் ஒன்றரை வாட் கூட இல்லை. இரவு விளக்கு ஒன்று எரிகிற செலவு. அதை வீண் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சூடு பற்றி இன்னொரு வார்த்தை. 139-உம் அந்த 100 ஓம் ரெசிஸ்டரும் ஆளுக்கு 0.36 வாட் சூடாக மாற்றுகின்றன. ட்ரான்சிஸ்டர் ஹீட்சிங்க் இல்லாமலேயே தாங்கும், தொட்டால் சுடத்தான் செய்யும். ரெசிஸ்டருக்கு 2 வாட் என்று எழுதியது அதனால்தான். கையில் இருக்கிறதே என்று கால் வாட் போட்டு, நடு ராத்திரியில் வாசனை பிடித்து எழுந்து வந்தவள் சொல்கிறேன். போர்டிலிருந்து அரை சென்டிமீட்டர் தூக்கியே பற்றவையுங்கள். என் பழைய போர்டில் பழுப்பு வட்டம் இன்னும் இருக்கிறது.

*ஆம்ப் வேலை செய்கிறது. ஆனால் பாஸ் (கீழ்ச்சுருதி ஒலி) துளிகூட இல்லை. ஜாக்குக்குப் போகும் வழியில் 470-க்குப் பதில் 47 மைக்ரோஃபாரட் போட்டிருக்கிறேன், அதுதான் இருந்தது.*
– கல்லூரி மாணவர்

காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள். ஒரு குறுக்குக் கணக்கு சொல்கிறேன், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 1,59,000-ஐ ஓமால் வகுங்கள், அதை மைக்ரோஃபாரடால் வகுங்கள். கிடைப்பது ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே இருக்கும் ஒலி சரியத் தொடங்கும். 32 ஓமுக்கும் 47-க்கும் வருவது 106 ஹெர்ட்ஸ். பாஸ் கிட்டாரின் கீழ்ச் சுரங்கள் எல்லாம் அதற்கு அடியில்தான் இருக்கின்றன. 470 போட்டால் 10.6, போதுமானது. 300 ஓம் ஹெட்போனாக இருந்தால் அதே 47-இலேயே 11 ஹெர்ட்ஸ் வரை இறங்கியிருக்கும். "என் நண்பனுக்கு மட்டும் நன்றாகக் கேட்கிறது" என்று இன்னொருவர் எழுதியிருக்கிறாரே, அவர் நண்பரின் ஹெட்போனில் எத்தனை ஓம் என்று அச்சிட்டிருக்கிறது என்று பார்க்கட்டும்.

*விநோதமான பிரச்சினை. பாட்டில் வாத்தியங்கள் எல்லாம் கேட்கின்றன, பாடுகிறவரின் குரல் மட்டும் எங்கோ கிணற்றுக்குள் இருந்து வருகிறது. ட்ரான்சிஸ்டர் பழுதா?*
– குழம்பிப் போனவர்

எனக்கு மிகவும் பிடித்த பழுது இது. ட்ரான்சிஸ்டரைத் தொடாதீர்கள், ஜாக்கைப் பாருங்கள். நுனி இடது, நடு வளையம் வலது, அடிப்பகுதி கிரவுண்டு. அந்தக் கிரவுண்டு ஒயர் விட்டுப்போயிருக்கும். அப்போது இடது காதும் வலது காதும் தொடராக இணைந்து, இரண்டு சேனலுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் காதில் விழும். பாடகரின் குரலை ஒலிப்பதிவில் நடுவில் வைப்பார்கள், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் அது காணாமல் போகும். எதிரொலி மட்டும் மிஞ்சும், அதுதான் உங்கள் கிணறு.

*'ஹூம்' என்று இரைச்சல். வால்யூமை முழுதாகக் குறைத்தாலும் போகவில்லை. என்ன செய்வது?*
– மூன்று பேர், மூன்று கடிதம்

வால்யூமைக் குறைத்தும் போகவில்லை என்றால் அது வால்யூமுக்குப் பிறகு நுழைகிறது. அடாப்டரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். இரைச்சல் போய்விட்டால் சப்ளைதான் குற்றவாளி. பயாஸில் நான் சொன்ன 47 மைக்ரோஃபாரடைப் போட்டீர்களா என்று முதலில் பாருங்கள் (மூவரில் ஒருவர் நிச்சயம் போட்டிருக்க மாட்டார்). பேட்டரியிலும் இருந்தால் கிரவுண்டு ஒயர் ஓடும் விதத்தில் கோளாறு. இன்புட், வால்யூம் கன்ட்ரோல், ஜாக், சப்ளை என்று மாலை கோத்த மாதிரி ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகக் கூடாது. எல்லாக் கிரவுண்டும் தனித்தனி ஒயராக வந்து ஒரே புள்ளியில் சேரட்டும். சப்ளைக் கப்பாசிட்டரின் மைனஸ் காலை அந்தப் புள்ளியாக வைத்துக்கொள்வது என் வழக்கம். லேப்டாப்பும் ஆம்பும் ஆளுக்கொரு அடாப்டரில் இருக்கும்போது மட்டும் இரைச்சல் வந்தால், லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். அப்போது நின்றுவிட்டால், இரண்டையும் இணைக்கும் கிரவுண்டு வளையத்தில் சிக்கியிருக்கிறீர்கள்.

மூன்றாவது கடிதக்காரர் மட்டும் "கையைக் கிட்டே கொண்டுபோனால் இரைச்சல் மாறுகிறது, பிடி 139 கொதிக்கிறது" என்கிறார். அவருடையது ஹம் இல்லை. அவருடைய ஆம்ப், காதுக்கு எட்டாத அதிர்வெண்ணில் தானாகவே பாடிக்கொண்டிருக்கிறது. நம்முடையது மாதிரி எமிட்டரிலிருந்து சிக்னலை வெளியே எடுக்கும் சர்க்யூட்டுக்கு எமிட்டர் ஃபாலோயர் என்று பெயர். அதற்கு நீளமான ஒயர் கிடைத்தால் இந்தக் குணம் வரும். பேஸில் போடச் சொன்ன 100 ஓமை பேஸ் காலுக்கு ஒட்டியே வையுங்கள், 0.1 மைக்ரோஃபாரடை ட்ரான்சிஸ்டருக்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள், பிரெட்போர்டிலிருந்து தொங்கும் ஒயர்களை வெட்டிச் சின்னதாக்குங்கள்.

*9 வோல்ட் சதுர பேட்டரியில் ஓடுமா?*

ஓடும், சில மணி நேரம். அப்புறம் இன்னொரு பேட்டரி வாங்குவீர்கள். 1.2 வோல்ட் ரீசார்ஜ் செல் பத்தைத் தொடராகப் போட்டால் 12 வோல்ட். 2000 மில்லிஆம்பியர்-மணி செல்லாக இருந்தால் 16 மணி நேரம் வரை தாங்கும்.

*வால்யூமைத் திருகினால் முதல் கால் சுற்றிலேயே முழுச் சத்தமும் வந்துவிடுகிறது.*

நீங்கள் வாங்கியது லீனியர், திருகும் அளவுக்கு ஏற்ப வோல்டேஜ் ஒரே சீராக ஏறுவது. ஹெட்போனுக்கு லாக் வேண்டும், முதலில் மெல்லவும் பிறகு வேகமாகவும் ஏறுவது. இப்போது கிடைப்பவற்றில் பெரும்பாலும் ஏ என்றால் லாக், பி என்றால் லீனியர். பழைய ஐரோப்பியச் சரக்கில் தலைகீழாக இருக்கலாம். மாற்ற மனமில்லாவிட்டால் நடுக்காலிலிருந்து கிரவுண்டுக்கு 1.5 கிலோ ஓம் ஒன்றைப் போடுங்கள். லாக் மாதிரியே நடந்துகொள்ளும்.

*என்னிடம் இருப்பது 300 ஓம் ஸ்டுடியோ ஹெட்போன். ஆம்பை எவ்வளவு கூட்டினாலும் சத்தம் போதவில்லை.*
– இசைக்கலைஞர்

உங்களுக்குக் கரண்ட் தாராளமாக இருக்கிறது, வோல்டேஜ்தான் போதவில்லை. நாம் செய்தது ஃபாலோயர். உள்ளே 1 வோல்ட் வந்தால் வெளியே 1 வோல்ட்டுக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் போகும். 300 ஓமில் அது 3 மில்லிவாட் சொச்சம். முன்னால் இன்னொரு பிசி 547 வையுங்கள்: கலெக்டரில் 4.7 கிலோ ஓம், எமிட்டரில் 1.2 கிலோ ஓம், பேஸுக்கு மேலிருந்து 100 கிலோ ஓமும் கீழே 18 கிலோ ஓமும். எமிட்டர் ரெசிஸ்டருக்குக் குறுக்கே கப்பாசிட்டர் போடாதீர்கள். போட்டால் பெருக்கம் எகிறும், தெளிவு போய்விடும். இப்படியே விட்டால் மூன்று மடங்கு. வால்யூம் கன்ட்ரோல் இந்தப் படிக்கு முன்னால் வரட்டும், அதன் நடுக்காலிலிருந்து இதன் பேஸுக்கும், இதன் கலெக்டரிலிருந்து ஃபாலோயருக்கும் ஆளுக்கொரு 2.2 மைக்ரோஃபாரட் வழியாகப் போகட்டும்.

இது போதாது, கற்றுக்கொண்டே போக வேண்டும் என்று தோன்றினால், 1969-இல் ஜான் லின்ஸ்லி ஹூட் 'வயர்லெஸ் வேர்ல்டு' இதழில் வெளியிட்ட 10 வாட் கிளாஸ் ஏ ஆம்பின் சர்க்யூட்டைத் தேடிப் பாருங்கள். ஸ்பீக்கருக்காகச் செய்தது, சேனலுக்கு நாலே ட்ரான்சிஸ்டர். அதைச் சுருக்கி ஹெட்போனுக்குச் செய்தவர்கள் ஏராளம். இரண்டு ட்ரான்சிஸ்டரில் கை பழகிய பிறகு அதைப் பார்த்தால், ஒவ்வொரு காலும் ஏன் அங்கே போகிறது என்று தானாகவே புரியும்.

*என் 13 வயது மகன் நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு இதைச் செய்வதாக அடம் பிடிக்கிறான். ஆபத்து உண்டா, மேடம்?*
– கவலையில் ஒரு அம்மா

12 வோல்ட்டில் ஷாக் அடிக்காது. அடாப்டரைக் கழற்றித் திறக்க மட்டும் விடாதீர்கள். சால்டரிங் அயர்ன் ஒருமுறை சுடும், அதன்பின் அவனே கவனமாக இருப்பான். ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள், வேலை முடிந்ததும் கை கழுவச் சொல்லுங்கள்.

எனக்குக் கவலை அவன் காதைப் பற்றித்தான். 1 மில்லிவாட்டுக்கு 100 டெசிபல் கொடுக்கும் ஹெட்போன்கள் சாதாரணமாகக் கிடைக்கின்றன. நம் 30 மில்லிவாட் அதில் இறங்கினால் 115 டெசிபல் அருகே போகும். பெரியவர்களுக்கே 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் என்று உலக சுகாதார நிறுவனம் எல்லை போட்டிருக்கிறது. சத்தம் 3 டெசிபல் கூடினால் அந்த நேரம் பாதியாகும்.

ஒரு யோசனை. அவன் பெட்டியை மூடுவதற்கு முன்னால், வால்யூம் கன்ட்ரோலுக்கு வரும் இரண்டு சேனல் ஒயரிலும் ஒவ்வொரு 10 கிலோ ஓமைத் தொடராகச் சேர்த்துவிடுங்கள். உள்ளே போகும் வோல்டேஜ் பாதியாகிவிடும், எவ்வளவு திருகினாலும் அதற்கு மேல் ஏறாது. அவனிடம் சொல்ல வேண்டாம். என்றைக்காவது சத்தம் ஏன் குறைகிறது என்று மீட்டரை வைத்து அளந்து அவனே கண்டுபிடித்துவிட்டால், அடுத்த கடிதத்தை அவனையே எழுதச் சொல்லுங்கள்.